பக்கம் போய்ச் சேர்ந்ததா?

நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மருந்து மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்றின் கணினி அன்றைய இருப்பைக் கணக்குப் பார்க்கிறது. ஏதோ ஒரு சரக்கு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உடனே ஒரு கொள்முதல் ஆணை தயாராகிறது. எண், தேதி, சரக்கின் பெயர், எத்தனை பெட்டி, என்ன விலை என எல்லாம் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக் கோத்தவை. இதுவரை மனிதக் கை படவில்லை. ஆனால் சரக்கு அனுப்ப வேண்டியவர் சிறிய கம்பெனிக்காரர். அவர் மேசை மேல் இருப்பது ஒரு ஃபேக்ஸ் எந்திரம்.

1990களில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இது அன்றாட நிலைமை. பெரிய கம்பெனிகள் கொள்முதலையும் கணக்கையும் கணினிக்குள் கொண்டுபோய்விட்டன. அவர்களுக்குச் சரக்கு கொடுத்தவர்களும் அவர்களிடம் வாங்கியவர்களும் அப்படியே இருந்தார்கள். ஆகவே இரவில் கணினி அச்சடித்த தாள்களைக் காலையில் ஓர் ஊழியர் அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றாக எந்திரத்தில் செருகி, எண்களை அழுத்திக்கொண்டு நிற்பார். எண் ‘பிஸி’யாக இருந்தால் மறுபடி அழுத்துவார். கணினியிலிருந்து வந்த தாளை ஸ்கேன் செய்து மறுபடி புள்ளிகளாக்கும் இந்த வேலைக்கு எத்தனை பேரின் காலைகள் போயின என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் படிக்கச் சுவையாக இருக்கும்.

இதற்கு மாற்று, சர்வருக்கே ஃபேக்ஸ் பேசக் கற்றுக்கொடுப்பது. ஒரு மோடத்தைச் செருகினால் முடிந்தது என்று தோன்றும். பக்கத்தைப் புள்ளியாக்குவதும் சரி, அதைத் தொலைபேசியில் அனுப்புவதும் சரி, கொஞ்சம் முயன்றால் கைகூடுகிற வேலைகள்தான். சர்வர் ஃபேக்ஸின் உண்மையான சிக்கல் அனுப்பிய பிறகு தொடங்குகிறது: பக்கம் போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா என்று ஒரு நிரலுக்கு எப்படித் தெரியும்?

ஃபேக்ஸ் தொலைபேசியை விட மூத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரத் தொழிலாளி அலெக்ஸாண்டர் பெய்ன், தந்திக் கம்பி வழியே படம் அனுப்பும் முறைக்கு 1843இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமை 1876இல்தான் வந்தது. இத்தாலியப் பாதிரியார் ஜியோவானி கசெல்லியின் எந்திரம் 1865இல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே காசு வாங்கிக்கொண்டு படம் அனுப்பியது. இதெல்லாம் சுவையான கதை என்றாலும் நம் சர்வருக்குத் தேவையில்லை. அதற்கு வேண்டியது 1980இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஆலோசனைக் குழுவான சிசிஐடிடி ஏற்றுக்கொண்ட ‘குரூப் 3’ தரம். முந்தைய எந்திரங்கள் ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடமும் மூன்று நிமிடமும் எடுத்துக்கொண்டன. குரூப் 3 அதை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தது. பக்கத்தை எப்படிக் குறியாக்குவது என்பதை டி.4 என்ற ஆவணமும், இரண்டு எந்திரங்களும் எப்படிப் பேசிக்கொள்வது என்பதை டி.30 என்ற ஆவணமும் சொல்கின்றன. இரண்டு முனையிலும் காகிதம் உண்டு என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட விதிகள் அவை. அந்த நம்பிக்கை சர்வரை எங்கெல்லாம் இடறிவிடுகிறது என்பதைப் போகப்போகப் பார்க்கலாம்.

முதலில் புள்ளிகள். குரூப் 3 பக்கத்தின் ஒவ்வொரு வரியிலும் 1728 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. இடையில் சாம்பல் கிடையாது. மேலிருந்து கீழாகச் சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள், நுண்தரத்தில் 7.7 வரிகள். ஓர் ஏ4 பக்கத்தைச் சாதாரணத் தரத்தில் விரித்தால் சுமார் 1143 வரிகள், ஏறக்குறைய 19.75 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்து நொடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பினால் மூன்றரை நிமிடம் ஆகும். நுண்தரத்தில் ஏழு நிமிடம்.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்ததற்குக் காரணம் காகிதத்தின் பெரும்பகுதி வெறும் வெள்ளை என்பதுதான். டி.4 புள்ளிகளைத் தனித்தனியாக அனுப்புவதில்லை. “இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு, மறுபடி இத்தனை வெள்ளை” என்று ஓட்டங்களின் நீளத்தை அனுப்புகிறது. அடிக்கடி வரும் நீளத்துக்குக் குட்டிக் குறி, அபூர்வமாக வரும் நீளத்துக்கு நீண்ட குறி. எது அடிக்கடி வரும் என்பதை எட்டு மாதிரி ஆவணங்களை வைத்து நிர்ணயித்தார்கள். தட்டச்சுக் கடிதம், வரைபடம், ஜப்பானிய எழுத்துகள் நிறைந்த பக்கம் என்று கலந்திருந்தன அவை. முழு வெள்ளை வரி, அதாவது 1728 புள்ளிகளும் 17 பிட்டில் அடங்கிவிடும். இரண்டு கறுப்புப் புள்ளிகளின் ஓட்டத்துக்கு வெறும் இரண்டே பிட், மூன்றுக்கும் அப்படியே. பேனாக் கோடும் அச்செழுத்தின் தண்டும் அந்தத் தடிமனில் இருப்பதால் கிடைத்த சலுகை இது.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இன்வாய்ஸ் வடிவமைக்கிறவர்கள்தான் சர்வர் ஃபேக்ஸின் முதல் எதிரிகள். திரையில் அழகாக இருக்கிறது என்று அட்டவணையின் தலைப்புக்குப் பின்னால் மெல்லிய சாம்பல் நிறம் பூசுவார்கள். ஃபேக்ஸில் சாம்பல் இல்லாததால் மென்பொருள் அதைக் கறுப்பு-வெள்ளைப் புள்ளிகளாகத் தூவும். ஒரு வெள்ளைப் புள்ளிக்கு ஆறு பிட், ஒரு கறுப்புப் புள்ளிக்கு மூன்று பிட். ஒன்று விட்டு ஒன்றாக வந்தால் இரண்டு புள்ளிக்கு ஒன்பது பிட். வரி முழுக்க அப்படியே போனால் 1728 பிட்டில் நேராக அனுப்பியிருக்கக்கூடியது 7776 பிட்டாக வீங்கும். சுருக்கப் போன முறை நாலரை மடங்கு பெருக்கிவிடும். பழகிய நிர்வாகிகள் ஃபேக்ஸுக்கென்றே தனி வார்ப்புரு வைத்துக்கொள்வார்கள். அதில் நிழல் இல்லை, பின்னணிப் படம் இல்லை. எழுத்து கொஞ்சம் பெரிது, சின்னம் வெறும் கோட்டோவியம். மற்றபடி கணினி வரைந்த பக்கம் ஸ்கேன் செய்ததை விட நன்றாகவே சுருங்கும். தாள் கோணலாகப் போவதில்லை, கண்ணாடியில் தூசி இல்லை.

காகிதத்தின் முதல் இடறல் இங்கேதான். வெற்று வரி ஒன்றையும் அதன் முடிவைக் காட்டும் 12 பிட் குறியையும் சேர்த்தால் 29 பிட். 9600 வேகத்தில் மூன்று மில்லிநொடி. ஆனால் எதிர்முனையில் தாளை ஒரு வரி நகர்த்த ஒரு மோட்டார் சுழல வேண்டும். “எனக்கு ஒரு வரிக்குக் குறைந்தது 20 மில்லிநொடி வேண்டும்” என்று பெறும் எந்திரம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்கிறது விதி. அப்போது அனுப்புகிறவர் மிச்ச நேரத்தைப் பொருளற்ற பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். கையில் தாளே இல்லாத சர்வர், வேறொரு ஊரின் ரப்பர் உருளைக்காகப் பூஜ்யம் அனுப்பிக் காத்திருக்கிறது. இந்தக் கணக்கில், எவ்வளவு வெறுமையான பக்கமானாலும் சாதாரணத் தரத்தில் சுமார் 23 நொடிக்குக் குறையாது. பின்னாளில் நினைவகம் வைத்த எந்திரங்கள் “பூஜ்யம் மில்லிநொடி போதும்” என்று சொல்லத் தொடங்கியதும் இந்தக் காத்திருப்பு போயிற்று.

அடுத்தது உரையாடல். ஃபேக்ஸ் அனுப்பும்போது காதில் விழும் கீச்சொலிகள் ஒழுங்கான பேச்சு. அழைப்பவர் 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி ஒலித்து மூன்று நொடி ஓய்வார். எடுப்பவர் 2100 ஹெர்ட்ஸில் பதில் ஒலிப்பார். பிறகு நொடிக்கு 300 பிட் என்ற நிதானத்தில் எடுத்தவர் தன் திறமைகளைப் பட்டியலிடுவார்: இன்ன வேகம், இன்ன அகலம், நுண்தரம் உண்டா, ஒரு வரிக்கு எத்தனை மில்லிநொடி. அதிலிருந்து அழைத்தவர் தேர்ந்தெடுத்துச் சொல்வார். அப்புறம் ஒன்றரை நொடிக்கு வெறும் பூஜ்யங்களை முழு வேகத்தில் அனுப்பிப் பார்ப்பார். கம்பி இரைச்சலில் அவை சிதைந்து சேர்ந்தால், பெறுபவர் மறுப்பார். வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி முயல வேண்டும். 14400இல் தொடங்கிய பேச்சு 4800இல் போய் நிற்பதுண்டு. பெறுபவர் சரி என்ற பிறகுதான் பக்கம் போகும்.

பக்கம் முடிந்ததும் அனுப்புகிறவர் “அவ்வளவுதான்” என்கிறார், அல்லது “இன்னொரு பக்கம் உண்டு” என்கிறார். பெறுபவர் வந்த வரிகளில் எத்தனை கெட்டுப்போயின என்று பார்த்து, திருப்தி என்றால் எம்சிஎஃப் என்ற சிறு செய்தியைத் திருப்பி அனுப்புகிறார். வந்து சேர்ந்தது என்பது அதன் பொருள். பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை கடிதம் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து வரும். இங்கே அது ஒவ்வொரு பக்கத்துக்கும், அதே அழைப்பிலேயே, சில நொடியில் வந்துவிடுகிறது.

இந்த ஒரு செய்திக்காகத்தான் வியாபாரக் கம்பெனிகள் மின்னஞ்சல் வந்த பிறகும் ஃபேக்ஸை விடவில்லை என்பது என் எண்ணம். மின்னஞ்சலில் அனுப்பும் சர்வருக்குக் கிடைக்கும் ‘250’ என்ற பதில், அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது என்பதை மட்டும் சொல்லும். அதன் பிறகு அது குப்பைப் பெட்டிக்குப் போகலாம், வழியிலேயே தொலையலாம். ஃபேக்ஸில் பதில் சொல்வது கடைசி எந்திரம். ஆணையை அனுப்பிய நிரல், “இன்ன நேரம், இன்ன எண், இரண்டு பக்கம், சேர்ந்தது” என்று தரவுத்தளத்தில் அந்த ஆணையின் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய வியாபார நிரல்களுக்கு ஃபேக்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அச்சடிக்க மட்டும் தெரியும். அதனால் ஃபேக்ஸ் சர்வர் தன்னை ஓர் அச்சு எந்திரமாகக் காட்டிக்கொண்டது. நிரல் வழக்கம்போல் ‘அச்சடி’ என்று அனுப்பும். பக்கத்தின் ஓர் ஓரத்தில் குறிப்பிட்ட அடையாளக் குறிகளுக்கு நடுவே பெறுபவரின் எண்ணை எழுதிவிடும். ஃபேக்ஸ் சர்வர் அந்தக் குறியைக் கண்டுபிடித்து, எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த வரியை அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பும். குறியில் ஓர் எழுத்து பிசகினால் எண் கிடைக்காது. ஆணை அங்கேயே கிடக்கும். அழகான தீர்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இருபது வருடப் பழைய நிரலில் ஒரு வரி கூட மாற்ற வேண்டாம் என்றால், நிர்வாகிகள் அழகைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இந்த வேலையை ஒழுங்காகச் செய்த மென்பொருள்களில் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஹைலாஃபேக்ஸ். சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருந்தபோது சாம் லெஃப்லர் யூனிக்ஸுக்காக எழுதியது. முதலில் அதன் பெயர் ஃபிளெக்ஸ்ஃபேக்ஸ். மூலநிரல் திறந்தது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியில் வரும் ஆவணத்தை கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலிடம் கொடுத்துப் புள்ளிகளாக்கி, ‘டிஃப்’ கோப்பாகச் சேமித்து, வரிசையில் நிறுத்தி, மோடம் ஓய்ந்ததும் அனுப்பும். அதன் நுட்பம் தோல்வியை வகைபிரித்த விதத்தில் இருக்கிறது. எண் பிஸி, யாரும் எடுக்கவில்லை என்பன ஒரு வகை. எதிர்முனை எடுத்து, பேச்சு தொடங்கி, நடுவில் முறிந்தது இன்னொரு வகை. முதல் வகையை 12 முறை வரை பொறுத்துக்கொள்ளும், இரண்டாவதை 3 முறை. வேறு அளவு வேண்டுமென்றால் நாம் சொல்லலாம். பிஸி என்பது அடுத்த பத்து நிமிடத்தில் தானாகத் தீரக்கூடிய நிலை. பேச்சு முறிவது அங்கே ஏதோ பழுது என்பதன் அடையாளம். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்தால், ஒன்று சீக்கிரம் கைவிடப்படும் அல்லது மற்றது வீணாகத் துரத்தப்படும்.

இந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு இலக்கம் தவறிப்போய் அது யாரோ ஒருவரின் வீட்டு எண்ணாகிவிட்டால், அதிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு எடுப்பவர் காதில் மூன்று நொடிக்கு ஒரு தரம் கீச்சொலிதான் விழும். அவர் திட்டுவது சர்வருக்குக் கேட்காது. பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடும்.

இப்போது அந்த ஒப்புகைக்கு வருவோம். பக்கம் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டது. பெறுபவர் எம்சிஎஃப் அனுப்புகிறார். அந்தக் கணத்தில் கம்பியில் ஓர் இரைச்சல், செய்தி சிதைகிறது. அனுப்பியவர் மூன்று நொடி காத்து மறுபடி கேட்கிறார். மூன்று முறை கேட்டும் பதில் புரியவில்லை என்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது டி.30 விதி. இப்போது சர்வரின் கணக்கில் அது தோல்வி. எதிர்முனையில் ஆணை அச்சாகித் தட்டில் கிடக்கிறது. சர்வர் மறுபடி அனுப்புகிறது. அங்கே இப்போது இரண்டு ஆணைகள், இரண்டு பங்கு சரக்கு.

இதை ஏதோ ஒரு மென்பொருளின் குறை என்று நினைக்க வேண்டாம். கணினி அறிவியலில் ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயர் பெற்ற புதிர் இது. தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே 1978இல் அந்தப் பெயரைச் சூட்டினார். நம்பமுடியாத பாதை வழியே செய்தி அனுப்பும் இருவர், எத்தனை ஒப்புகை பரிமாறிக்கொண்டாலும், கடைசியாக அனுப்பியது சேர்ந்ததா என்று அனுப்பியவருக்கு உறுதியாகத் தெரியாது. ஒப்புகைக்கு ஒப்புகை கேட்டால் ஐயம் ஒரு படி தள்ளிப்போகும், அவ்வளவுதான். எந்தத் தரத்தாலும் இதைத் தீர்க்க முடியாது என்று நிரூபிக்கவும் முடியும். ஆகவே மருந்தைத் தேட வேண்டிய இடம் ஆவணம். ஒவ்வொரு ஆணைக்கும் மாறாத ஓர் எண். மறுபடி அனுப்பினால் அதே எண், மேலே பெரிதாக ‘மறு அனுப்பல்’ என்ற குறிப்பு. ஒரே எண் இரண்டு தரம் வந்தால் ஒரு தரம் மட்டும் சரக்கு அனுப்பு என்ற ஏற்பாடு. பல பக்க ஆவணத்தில் ஒப்புகை வந்த பக்கங்களை விட்டுவிட்டு மிச்சத்திலிருந்து தொடங்குவது ஹைலாஃபேக்ஸின் வழக்கம். இன்று இணையத்தில் பணம் கட்டும்போது இரண்டு தரம் அழுத்தினாலும் ஒரு தரமே பணம் போவதற்கு வைத்திருக்கும் ஏற்பாடும் இதே வகைதான்.

ஒப்புகை வந்துவிட்டாலும் அது சொல்லாதவை பல. எந்த எந்திரம் என்று சொல்லும். எந்த மனிதர் என்று சொல்லாது. பெறும் எந்திரம் 20 எழுத்துக்குள் தன் அடையாளத்தை அனுப்பலாம். ஆனால் எந்திரத்தை வாங்கியவர்கள் பலர் அதை நிரப்புவதே இல்லை. நினைவகம் வைத்த எந்திரம் தாள் தீர்ந்திருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு ஒப்புகை தரும். ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் இதைத் துல்லியமாகப் பிரித்தது: அனுப்பியதற்கான அறிக்கையில் இருக்கும் ‘ஓகே’, இணைப்பு ஏற்பட்டதற்குச் சான்றாகும், ஆவணம் வந்து சேர்ந்ததற்கு வெறும் அறிகுறிதான், முழு நிரூபணம் ஆகாது. பொறியாளர்கள் எழுதிய விதியை நீதிபதிகள் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட இடங்கள் அதிகமில்லை.

தொலைபேசிப் பேச்சே இணையப் பொட்டலங்களாக மாறியபோது இன்னொரு சிக்கல் வந்தது. மனிதப் பேச்சில் ஒரு பொட்டலம் தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும். மோடத்தின் ஒலி பொறுக்காது. 1998இல் வந்த டி.38 தரம், ஒலியை வாயிலிலேயே பிட்டுகளாக்கி, ஒவ்வொரு பொட்டலத்திலும் முந்தையதன் நகலையும் சேர்த்து அனுப்பி இதைச் சமாளித்தது. அதே காலத்து டி.37, ஃபேக்ஸை மின்னஞ்சல் இணைப்பாக மாற்றி அனுப்பியது. மலிவு, எளிது. ஆனால் உடனடி ஒப்புகை போய்விட்டது. இந்தக் கலப்புக்கு முன்னோடி ஒன்று உண்டு. கார்ல் மலமுட், மார்ஷல் ரோஸ் என்ற இருவர் 1993இல் நடத்திய சோதனையில், தொலைபேசி எண்ணின் இலக்கங்களைத் தலைகீழாக்கிப் புள்ளி வைத்துப் பிரித்தால் அதுவே மின்னஞ்சல் முகவரியின் முக்கியப் பகுதி. அந்த ஊரில் இருக்கும் தன்னார்வலரின் சர்வர் அஞ்சலை வாங்கி உள்ளூர் அழைப்பில் ஃபேக்ஸ் செய்துவிடும். அவர்கள் எடுத்துக்கொண்ட டிபிசி என்ற பெயர், 1967இல் வந்த ஒரு நகைச்சுவைத் திரைப்படத்தில் உலகை ஆட்டிவைக்கும் தொலைபேசிக் கம்பெனியிலிருந்து வந்தது.

காலப்போக்கில் பெறும் முனையிலும் சர்வர் உட்கார்ந்துகொண்டது. ஒரு தரவுத்தளத்தில் எழுத்தாக இருந்த மருந்தின் பெயர், புள்ளியாகி, ஒலியாகி, மறுபடி புள்ளியாகி, எழுத்துணர் மென்பொருளின் ஊகத்தால் இன்னொரு தரவுத்தளத்தில் எழுத்தாகிறது. வழியில் 3 என்பது 8 ஆகலாம். அமெரிக்காவில் மருத்துவரின் கணினியிலிருந்து மருந்துக்கடைக்கு ஃபேக்ஸாகப் போகும் மருந்துச் சீட்டை, முதியோருக்கான மெடிகேர் திட்டம் மின்னணுச் சீட்டுக்குரிய தரங்களிலிருந்து நீண்ட நாள் விலக்கி வைத்திருந்தது. ஒருவழியாக 2012 ஜனவரி முதல் அந்த விலக்கு நீங்கியது, வலைத்தொடர்பு தற்காலிகமாக அறுந்த வேளைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கோடு. இங்கிலாந்தில் 2018இல் அறுவை மருத்துவர்கள் கழகம் கணக்கெடுத்தபோது அரசு மருத்துவமனை அமைப்புகளில் 8,946 ஃபேக்ஸ் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த டிசம்பரில் சுகாதார அமைச்சர் புதிதாக வாங்குவதற்குத் தடை போட்டார்.

ஜெர்மனியில் வழக்கு வேறு திசையில் போயிருந்தது. கணினியிலிருந்து நேரே நீதிமன்ற ஃபேக்ஸுக்குப் போன மனு, காகிதத்தில் இருந்ததே இல்லை; கையெழுத்து வெறும் ஸ்கேன் செய்த படம். இது எழுத்துவடிவ மனுவாகுமா? நாட்டின் உச்ச நீதிமன்றங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட, அவற்றின் கூட்டு அமர்வு 2000 ஏப்ரல் 5 அன்று, ஆகும் என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் அலுவலகங்களில் கணினி ஃபேக்ஸ் அதன் பிறகு தயக்கமில்லாமல் ஓடியது. 2022 ஜனவரி 1 முதல் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு மின்னணுப் பெட்டி வழியாகத்தான் மனு அனுப்ப வேண்டும் என்று சட்டம் மாறியது. அந்தப் பெட்டி தொழில்நுட்பக் கோளாறால் தற்காலிகமாக இயங்காவிட்டால் பழைய வழியில், ஃபேக்ஸ் உட்பட, அனுப்பிக்கொள்ளலாம். ஆனால் பெட்டி உண்மையிலேயே இயங்கவில்லை என்பதை நீதிமன்றம் நம்பும்படி வழக்கறிஞர்தான் காட்ட வேண்டும்.